உப்பில்லாக் கவளம்

முன்னொரு காலத்தில் பொற்கரை நாட்டை வச்சிரபூபதி என்றொரு பேரரசன் ஆண்டான். பிடித்தால் தலையில் தூக்கி வைப்பான், பிடிக்காவிட்டால் போட்டு உடைப்பான். அவனுக்கு அடங்கிய சாரல்நாடு ஆண்டுதோறும் மிளகும் தேனும் திறையாகக் கொண்டுவரும். பதிலுக்கு அவன் மாட்டுப்பொதிகளில் உப்பு அனுப்புவான். அந்த மலைக்கு வேறு உப்பு கிடையாது.

போன ஆண்டு திறையதிகாரி சந்தனராயர் நிறைந்த அவையில் வாயைத் திறந்தார். "கப்பம் கட்டுகிறவனுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்? உப்பில்லாவிட்டால் செத்தா போவான்?" அரசன் தலையாட்டினான், உப்பு நின்றது. கொழுத்த வாய்க்கு என்ன தெரியும்? மலையில் மாடுகள் பாறையை நக்கின. பிள்ளைகள் சோற்றைத் தள்ளிவிட்டுத் துவண்டு படுத்தன.

சாரல்நாட்டு அமைச்சர் இருளப்பருக்கு வயிறு எரிந்தது. இந்த முறை திறையோடு அவரே வந்தார்.

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. திறை கொண்டுவந்தவர் தம் நாட்டுச் சோற்றைப் படைப்பார். அரசன் ஒரு கவளம் விழுங்கினால் திறையை ஏற்றதாகும். துப்பினால் அந்த நாடு அன்றே விடுதலை.

பிறநாட்டுத் தூதர்கள் பார்த்திருக்க, அரசன் தினைச்சோற்றைக் கொள்ளுக்குழம்போடு பிசைந்து வாயில் போட்டான். முகம் கோணிற்று. உப்புக்குச் சைகை காட்டினான். ஓடிவந்த பணியாளை இருளப்பர் மறித்தார்.

"எங்கள் நாட்டில் இல்லாததைப் போட்டால் இது எங்கள் நாட்டுச் சோறாகுமா, மன்னா?"

துப்பினால் நாடு போகும். அரசன் கண்ணில் நீர் முட்ட விழுங்கினான்.

"என்ன திமிர் உனக்கு!" என்று கத்தினான்.

"ஒரு கவளத்துக்கே கண் கலங்கினீர்களே! ஓர் ஆண்டாக எங்கள் பிள்ளைகள் தின்பது இதைத்தான்!" என்றார் இருளப்பர்.

"அரசரை அவமதித்தான், கழுவேற்றுங்கள்!" என்று ராயர் குதித்தார்.

இருளப்பர் அவர் பக்கம் திரும்பினார். "செத்தா போவான் என்றீரே, ஐயா. பானையில் மிச்சம் இருக்கிறது. உட்காரும்."

அரசன் ராயரை முறைத்தான். "உட்காரும்!"

இரண்டாம் கவளத்தில் ராயர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். தூதர்கள் சிரித்தார்கள்.

அரசன் தலைகுனிந்தான். "உப்புப்பொதிகள் இன்றே புறப்படட்டும். ராயர் மாடு ஓட்டிக்கொண்டு போகட்டும். மலை ஏறும்வரை அவருக்கும் இதே சோறு" என்றான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி, "உம் அறிவுக்குப் பரிசு" என்று நீட்டினான்.

இருளப்பர் கை நீட்டவில்லை.

"இதை நக்கினால் கரிக்குமா, மன்னா?"

அரசன் மாலையைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் நூறு மாட்டில் உப்பு ஏற்றச் சொன்னான்.