ஓர் அண்டாத் தண்ணீர்

முன்னொரு காலத்தில், மழை மட்டும் ராஜாவின் பேச்சைக் கேட்காத ஒரு நாடு இருந்தது. மற்ற எல்லோரும் கேட்டார்கள். கேட்காவிட்டால் விடுவாரா ராஜா கனகரத்தினம். அந்த வருஷம் ஏரி பாதிதான் நிரம்பியிருந்தது.

நெல் பால் பிடிக்கும் சமயம். குடியானவர்கள் அரண்மனைக்கு வந்து, "இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் பிழைத்துக்கொள்வோம் மகாராஜா, இல்லையென்றால் வைக்கோல்தான் மிச்சம்" என்று கும்பிட்டு நின்றார்கள். ராஜாவுக்கோ அதே ஏரியில் தெப்பம் விட்டுப் பார்க்க ஆசை. பிரதானி சடகோபருக்கு ஏரிக்கரையில் பத்துக் காணி கரும்பு இருந்தது; அதற்கும் தண்ணீர் வேண்டும் என்றார்.

"மூன்றும் நடக்கட்டும்" என்றார் ராஜா. சொல்வதற்கென்ன, காசா பணமா.

விகடகவி உத்தண்டி எழுந்தான். "மகாராஜா, ஏரியில் இருப்பது ஒன்றுக்குத்தான் காணும். எது முதலில் என்று தாங்கள்தான் அருள வேண்டும்."

சடகோபருக்கு உத்தண்டி என்றாலே வேப்பங்காய். "அரசே, தெப்பம் மிதந்த நீர் கெட்டா போகும்? அதையே என் கரும்புக்கு விடலாம். கரும்பில் வடிந்ததை நெல்லுக்கு விடலாம். ஒரே நீர், மூன்று காரியம். இந்தச் சின்ன வழி விகடகவியின் மூளைக்கு எட்டவில்லையே" என்றார்.

ராஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "உத்தண்டி, பிரதானியின் வழியை நாளைப் பகலுக்குள் நடத்திக் காட்டு. தவறினால் மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, எல்லைக்கு அப்பால் விட்டுவிடுவோம்."

"உத்தரவு, மகாராஜா. அரண்மனைக் கிணற்றுக் கயிறு மட்டும் நாளை அடியேனிடம் இருக்கட்டும்."

கயிறுதானே என்று ராஜா சம்மதித்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, ராஜா எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். உடம்பெல்லாம் எண்ணெய், தலையில் அரைப்படி சீயக்காய். அது வழிந்து கண்ணுக்குள் இறங்க, "தண்ணீர்" என்று கையை நீட்டினார்.

"கிணற்றுக் கயிறு அடியேனிடம் இருக்கிறதே, இன்று மொத்தமே இறைத்தது ஓர் அண்டாத் தண்ணீர்தான், மகாராஜா" என்றான் உத்தண்டி. "தாங்கள் குளிக்க வேண்டும், பட்டத்து யானை குளிக்க வேண்டும், பகல் சமையலுக்கும் வேண்டும். எது முதலில்?"

"நான்தான் முதலில், மடையா. கண் எரிகிறது."

ஊற்றினார்கள். உத்தண்டி ராஜாவின் மணைக்கு அடியில் தொட்டியை வைத்து, வழிந்த தண்ணீரைச் சொட்டு விடாமல் பிடித்துக்கொண்டு போனான். கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த ராஜா அதைக் கவனிக்கவில்லை.

பகலில் பந்தி. ராஜாவுக்கு வைத்ததை முதலில் சுவைத்துப் பார்ப்பது பிரதானிக்கு உரிய கௌரவம். சடகோபர் அதை ஒரு நாளும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ரசத்தை ஒரு மடக்குக் குடித்தார். முகம் எட்டுக் கோணலாகிவிட்டது. ஆனால் அரண்மனை ரசத்தைக் குறை சொல்ல முடியுமா?

"தேவாமிர்தம்" என்றார்.

"எல்லாம் தங்கள் வழிதான், ஐயா" என்றான் உத்தண்டி. "மகாராஜா குளித்த தண்ணீரில் யானை குளித்தது. யானை குளித்த தண்ணீரில் ரசம் வைத்தோம். இன்னொரு குவளை ஊற்றட்டுமா?"

சடகோபர் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார். ராஜா தம் இலையைத் தள்ளி வைத்தார்.

"மகாராஜா, எது முதலில் என்று இன்று காலையில் நொடியில் சொல்லிவிட்டீர்கள். ஏனென்றால் எரிந்தது தங்கள் கண்" என்றான் உத்தண்டி. "குடியானவனுக்கு வயிறு எரிகிறது. அவனுக்குக் கடைசியில் வடிகிற தண்ணீர் எப்படியிருக்கும் என்று பிரதானியாரைக் கேளுங்கள்."

கொல்லையிலிருந்து பிரதானியார் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ராஜா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை; தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "மதகைத் திறந்து முழுவதையும் நெல்லுக்கு விடுங்கள். தெப்பத்தை மழை பெய்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

"பிரதானியாரின் கரும்புக்கு, மகாராஜா?" என்று கேட்டான் காவலன்.

"ரசம் மிச்சமிருக்கிறதே" என்றார் ராஜா.

பிறகு தம் கைக் காப்பைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டு, பக்கத்தில் இலை போட்டு உட்காரச் சொன்னார். உத்தண்டி உட்கார்ந்தான். பரிமாறுகிறவன் கரண்டியோடு வரவும் இலையை மூடிக்கொண்டான்.

"எனக்குத் தோல் உரிக்காத வாழைப்பழம் இரண்டு போதும், மகாராஜா" என்றான்.