ஐந்தாம் பாதையின் கோடு

பி.டி. சார் ஞானதுரைக்கு ஐம்பத்து மூன்று வயது. கணக்கு டீச்சர் மெஹர்நிசாவுக்கு இருபத்தெட்டு. இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். மாலை நாலேகாலுக்குப் பிள்ளைகள் போனபின், கம்ப்யூட்டர் அறையில் ஞானதுரை மாணவர். மைதானப் படத்தை இனிமேல் கம்ப்யூட்டரில் வரைந்துதான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மௌஸைப் பிடித்தாலே அவருக்குக் கை வியர்த்தது.

மூன்றாம் நாள் அவர் கேட்டார்.

"ஒரு சந்தேகம் டீச்சர். முழு ரவுண்டு ஓட்டத்துல வெளி லேன் புள்ளைக்குச் சுத்து அதிகம். அதனால ஒரு மீட்டர் அகல லேனுக்கு, ஒவ்வொரு லேனா ஆறேகால் மீட்டர் முன்னால தள்ளி நிறுத்துவோம். அது நானூறு மீட்டர் மைதானத்துக்கு. நம்ம மைதானம் இருநூறு. அப்ப அதுல பாதி விட்டாப் போதும்தானே?"

"யார் சொன்னாங்க?"

"எனக்குக் கோடு போடக் கத்துக்கொடுத்தவர். இருபத்து நாலு வருஷமா அப்படித்தான் போடுறேன்."

"ஒரு வட்டம் வரைங்க சார்."

வரைந்தார்.

"ஒரு மீட்டர் தள்ளி, அதைச் சுத்தி இன்னொரு வட்டம்."

வரைந்தார். கோட்டின் மேல் அழுத்தினால் நீளம் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஆறேகாலுக்குக் கொஞ்சம் மேல்.

"இப்ப உள் வட்டத்தைப் பத்து மடங்கு பெருசாக்குங்க. அதுக்கும் ஒரு மீட்டர் தள்ளி இன்னொண்ணு."

வித்தியாசம் அதே ஆறேகால்.

ஞானதுரை அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். மூன்று முறை வரைந்தார்.

"மெஷின்ல ஏதோ கோளாறு டீச்சர்."

டீச்சர் கரும்பலகையில் கோடு போடும் ஒரு மீட்டர் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார். வாலிபால் கம்பத்தருகே நின்று ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அவரிடம் நீட்டினார். கம்பத்தை ஒட்டி டீச்சர், வெளியே ஞானதுரை. ஒரு சுற்று வந்தார்கள். பிறகு அதே ஸ்கேலைப் பிடித்தபடி மைதானம் முழுவதையும் ஒரு சுற்று வந்தார்கள். வளைவுகளில் ஞானதுரை எட்டி எட்டி நடக்க வேண்டியிருந்தது.

"நேரா நடக்கிறப்ப யார் அதிகம் நடந்தா சார்?"

"ரெண்டு பேரும் ஒரே அளவுதான்."

"நீங்க எப்ப அதிகம் நடந்தீங்க?"

"திரும்புறப்ப."

"கம்பத்தைச் சுத்தினப்ப எவ்வளவு திரும்பினோம்?"

"ஒரு முழுச் சுத்து."

"மைதானத்தைச் சுத்தினப்ப?"

ஞானதுரை விரலால் காற்றில் மைதானத்தை ஒரு சுற்று வரைந்தார்.

"அதுவும் ஒரு முழுச் சுத்துதான்" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இத்தனை வருஷமா அஞ்சாவது லேன்ல நின்ன புள்ளைங்க…"

"ஆளுக்குப் பன்னிரண்டரை மீட்டர் கூடுதலா ஓடியிருக்காங்க."

"ஒரு புள்ளைகூட என்கிட்ட ஏன்னு கேக்கலையே டீச்சர்."

"உங்களுக்குச் சொன்னவர்கிட்ட நீங்க கேட்டீங்களா?"



அடுத்த வாரம், இன்னொரு பள்ளியின் இருநூறு மீட்டர் மைதானத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி. டீச்சரும் துணைக்கு வந்திருந்தார். பெண்கள் இருநூறு மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு அவர்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு பவதாரணி வந்திருந்தாள். குலுக்கலில் அவளுக்கு ஐந்தாவது பாதை விழுந்தது. ஞானதுரை சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்தார். எல்லாம் பாதிக் கணக்கு.

போட்டிப் பொறுப்பாளரிடம் போனார். ஞானதுரைக்குக் கோடு போடக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

"சார், கோடு தப்பா இருக்கு. மைதானம் சின்னதோ பெருசோ, ஆறேகால்தான் வரும்."

"எனக்கே கணக்குச் சொல்லித் தர்றியா ஞானதுரை? சின்ன மைதானத்துக்குப் பாதி. நான் சொல்லித்தானே நீ கத்துக்கிட்டே."

"நான் கத்துக்கிட்டதும் தப்பு சார்."

பொறுப்பாளரின் முகம் கறுத்தது. "இந்தக் கோட்டுல நின்னா ஓடட்டும். வேற எங்கயாவது நின்னா இந்த ஓட்டமே செல்லாது. உன் மேல எழுத்துல புகார் போகும்."

விசிலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவர் பந்தல் நிழலில் போய் உட்கார்ந்தார்.

ஞானதுரை டீச்சரிடம் வந்தார். "இப்ப என்ன செய்யட்டும் டீச்சர்?"

"டேப்போட இந்த முனையைப் பிடிங்க சார்" என்றார் டீச்சர்.

அளந்தார்கள். ஐந்தாவது பாதையில் சரியான இடத்தில் ஞானதுரை சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு இழுத்தார்.

பவதாரணி கேட்டாள். "அங்க நின்னா வெளியேத்திடுவாங்களா சார்?"

"ஆமாம்மா."

"எங்க நின்னா சரி?"

"அங்கதான்."

அவள் போய் அந்தக் கோட்டில் நின்றாள்.

நாலாவது பாதையில் இருந்தவள் வேறு பள்ளிக்கூடத்துப் பெண். கொஞ்ச நேரம் இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "என் கோடும் தப்பா சார்?"

"தப்புதான் பாப்பா."

"அப்ப எனக்கும் அளங்க."

மூன்றாவது பாதைக்காரி வந்தாள். இரண்டாவது பாதைக்காரியும் வந்தாள். முதல் பாதைக்கு மட்டும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பந்தலிலிருந்து மைக்கில் அதட்டல் வந்துகொண்டே இருந்தது. "கோட்டைத் தாண்டி நிக்கிறவங்க திரும்பி வாங்க! திரும்பி வாங்க!"

ஒருத்தியும் திரும்பவில்லை.

டீச்சர் போய் முடிவுக் கோட்டில் நின்றார். ஞானதுரை தன் கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்தார். பந்தலை ஒருமுறை பார்த்தார். ஊதினார்.

ஐந்து பெண்களும் ஓடினார்கள். இரண்டாவது பாதைக்காரி முதலில் வந்தாள். முதல் பாதைக்காரி அடுத்து. பவதாரணி மூன்றாவது.

பொறுப்பாளர் நோட்டைத் திறந்தார். பெண்கள் இருநூறு மீட்டருக்கு எதிரே 'நடைபெறவில்லை' என்று எழுதி மூடினார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. முன் இருக்கையில் பவதாரணி ஜன்னலோரம் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். ஞானதுரை குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பேரு எழுதல. சர்டிபிகேட் இல்ல. என் மேல புகார் வேற. நான் பட்டுக்கிறேன், அது பரவாயில்ல. ஆனா இவ்வளவு பண்ணி அந்தப் புள்ளைக்கு என்னதான் கிடைச்சுது டீச்சர்?"

"மூணாவது இடம்" என்றார் டீச்சர்.