ஆறு தொட்டிலுக்கு ஆறு கை

“நாலு மாசமாச்சு சிஸ்டர். இன்னும் ஒரு தடவைகூட என்னை இன்ஸ்டால் பண்ண விடலை.”

சொன்னவர் சிதம்பரதாணு. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தேழு வருஷம் பெரிய பெரிய கம்பெனிகளில் கம்ப்யூட்டர் நிரல் எழுதியவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் சிஸ்டர் ஜெசிந்தா. அவருக்கு முப்பத்தொன்று.

சீடர் மூத்தவர், குரு இளையவர். அதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது.

*

கடலோர ஊர் ஒன்றில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரி அது. குறைமாதக் குழந்தைகளுக்கென்று ஒரு வார்டு. அதற்குப் பொறுப்பு சிஸ்டர் ஜெசிந்தா. ஆறு தொட்டில்.

ஒவ்வொரு மெத்தைக்கு அடியிலும் ஒரு மெல்லிய பட்டை. குழந்தையின் மூச்சு ஏறி இறங்குவதை அது மூலையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மூச்சு நின்றால் கம்ப்யூட்டர் மணி அடிக்கும்.

நாள் முந்திப் பிறந்த குழந்தைகள் சில சமயம் மூச்சு விட மறந்துபோகும். யாராவது ஞாபகப்படுத்த வேண்டும்.

அந்த மணியை அடிக்கவைக்கும் நிரலை எங்கோ யாரோ எழுதி, எழுதிய வரிகளையும் மறைக்காமல் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்திருந்தார்கள். இந்த வார்டில் அது ஐந்து வருஷமாக ஒருநாளும் நின்றதில்லை. அந்த ரகசியத்தைக் கற்கத்தான் சிதம்பரதாணு வேலையை விட்டுவிட்டு வந்தார்.

ரகசியம் என்று ஒன்றும் அகப்படவில்லை.

புது வரிகள் வரும். அவற்றை மெஷினுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்ற வேண்டும். அது கம்பைல். வார்டு கம்ப்யூட்டர் கிழம், மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் இருநூற்றுப் பன்னிரண்டு சோதனை. அதற்கும் அப்புறம்தான் பழையதை நிறுத்திப் புதியதை உட்கார வைப்பது. அது இன்ஸ்டால். நாலு நிமிஷம்.

அந்த நாலு நிமிஷமும் மணி கிடையாது.

அதனால் ஆறு தொட்டிலிலும் ஆறு பேர் கை வைத்து நிற்பார்கள். நர்ஸ், ஆயா, பெற்றவள், யாராக இருந்தாலும் சரி. ஆறு கை சேராமல் சிஸ்டர் பொத்தானைத் தொடமாட்டார்.

*

“எங்க வீட்டு மெஷின்ல இது நாலே நிமிஷத்துல கம்பைல் ஆகுது சிஸ்டர்.”

“சந்தோஷம் சார்.”

“அங்க கம்பைல் பண்ணி இங்க கொண்டு வந்தா என்ன?”

“ஓடப்போறது எங்க?”

“இங்கதான்.”

“அப்ப இங்கேயே வேகட்டும்.”

“இது என்ன சோறா?”

“சோறா இருந்தா நானே அவசரப்பட்டிருப்பேன். காலையிலேருந்து சாப்பிடலை.”

சிஸ்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சிதம்பரதாணு சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் அந்த நிரலைத் தானே கம்பைல் செய்தார். தன் மெஷினின் முழு பலத்தையும் பிழிந்து எடுக்கும்படி செய்தார். அது இரண்டு மடங்கு வேகமாக ஓடியது. மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டை. சட்டைப் பையில் பென் டிரைவ்.

*

காலை பத்து மணிக்குப் பிரசவ அறையிலிருந்து ஆள் வந்து சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கம்ப்யூட்டர் முன்னால் சிதம்பரதாணு மட்டும் இருந்தார்.

நாலு நிமிஷம்கூட வேண்டாம், நேராக எழுதினால் முப்பது வினாடி. யாருக்கும் தெரிவதற்குள் முடிந்துவிடும். அப்புறம் தெரியும்போது வேகத்தைப் பார்த்து அவர்களே கேட்பார்கள்.

பழையதை நிறுத்தினார். அதன் மேலேயே புதியதை எழுதினார். ஓடச் சொன்னார்.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. இந்த உத்தரவு எனக்குத் தெரியாது என்று அதற்கு அர்த்தம்.

மறுபடி ஓடச் சொன்னார். அதே வரி.

அவருக்கு உடனே புரிந்தது. வீட்டு மெஷினுக்கு இருந்த பலம் இந்தக் கிழத்துக்குக் கிடையாது. அந்தப் பலத்தை நம்பிக் கட்டியது இங்கே எழுந்து நிற்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் செய்கிற தப்பு.

பழையதைத் தேடினார். அது இல்லை. அதன் மேல்தான் எழுதியிருந்தார்.

வார்டு அமைதியாக இருந்தது. மணி வேலை செய்யும்போதும் அது இப்படித்தான் அமைதியாக இருக்கும்.

அவர் ஓடினார். பிரசவ அறை வாசலில் நின்று கத்தினார்.

“சிஸ்டர்! நிப்பாட்டிட்டேன்!”

*

சிஸ்டர் வெளியே வந்தார். உள்ளே டாக்டர் இருந்தார்.

“எவ்வளவு நேரமாச்சு?”

“மூணு நிமிஷம்.”

வார்டுக்குள் வந்த சிஸ்டர் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. தொட்டில் தொட்டிலாகப் போனார். ஆறு நெஞ்சையும் தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஓங்கிக் கை தட்டினார்.

நர்ஸ் வந்தாள். ஆயா வந்தாள். பக்கத்து அறையிலிருந்து மூன்று தாய்மார்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டே ஓடிவந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐந்து தொட்டிலில் ஐந்து கை.

அதன் பிறகுதான் சிஸ்டர் கம்ப்யூட்டரிடம் போனார்.

“பழசு?”

“அது மேலேயே எழுதிட்டேன் சிஸ்டர்.”

“எடுத்து வைக்கலையா?”

“இல்லை.”

“எழுதின வரியெல்லாம் பத்திரமா இருக்கு. அதிலேருந்து மறுபடி கட்டிக்கலாம். மூணு மணி நேரம்.”

ஒரு வரி தட்டினார். திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. மெதுவாக ஓடின.

அப்புறம் சிஸ்டர் ஒரு முக்காலியை இழுத்து ஆறாவது தொட்டில் பக்கத்தில் போட்டார்.

“உக்காருங்க சார்.”

*

ஆறாவது தொட்டிலில் இருந்தது ரெக்ஸ்லின் குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை. தொட்டில் சீட்டில் ‘ரெக்ஸ்லின் குழந்தை’ என்றுதான் எழுதியிருந்தது.

ரெக்ஸ்லினுக்குப் பிரசவ ஆபரேஷன் முடிந்து பத்து நாள். தையல் ஆறவில்லை. குனிய முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்தாள்.

“இவரா? நிப்பாட்டுனதே இவருதான சிஸ்டர்!”

“ஆமா.”

“வேற ஆளே இல்லையா?”

“இன்னைக்கு இவரைவிடப் பயந்த ஆள் இந்த வார்டுல இல்லை.”

“என்னைவிடவா?”

சிஸ்டர் யோசித்தார். “உனக்கு அடுத்தபடி.”

ரெக்ஸ்லின் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“சரி. நீங்க எம்பிள்ளையைப் பாருங்க அண்ணாச்சி. நான் உங்களைப் பாக்கேன்.”

சிஸ்டர் சிதம்பரதாணுவின் வலது கையை எடுத்து, இரண்டு விரலைக் குழந்தையின் வயிற்றில் வைத்தார்.

“ஏறி இறங்குதா?”

“ஆமா.”

“எண்ணுங்க.”

“நின்னுட்டா?”

“உள்ளங்கால்ல சுண்டுங்க.”

“அதுக்கும் மூச்சு வரலைன்னா?”

“என்னைக் கூப்பிடுங்க. சத்தமா.”

*

முதல் மணி நேரம் அவர் எண்ணினார்.

விரலுக்கடியில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத்தான் வயிறு. ஏறும். இறங்கும். சில சமயம் வேகமாக நாலைந்து ஏறி இறங்கி, கொஞ்சம் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அவர் நெஞ்சும் கூடவே நின்றது.

“வந்தப்ப ஆயிரத்து முந்நூத்திப் பத்து கிராம்,” என்றாள் ரெக்ஸ்லின். “இன்னைக்குக் காலையில ஆயிரத்து முந்நூத்தி நாப்பது.”

அவர் கண் விரலை விட்டு நகரவில்லை.

“முப்பது கிராம் ஏத்தியிருக்கா எம்மவ. அதுவும் பத்தே நாள்ல, சொட்டுச் சொட்டாக் குடிச்சு. உங்க கம்பெனியில யாராவது இப்படி முன்னேறியிருக்காங்களா?”

“பேசாதம்மா. எண்ணிக்கை தப்பிரும்.”

“தப்பினா முதல்லேருந்து எண்ணுங்க. உங்களுக்கு வேற என்ன வேலை?”

இரண்டாவது தொட்டிலில் கை வைத்திருந்த ஆயா களுக்கென்று சிரித்தாள்.

*

இரண்டாவது மணி நேரத்தில் வயிறு இறங்கியது. ஏறவில்லை.

அவர் காத்திருந்தார். மூன்று வினாடி. நாலு.

இது சும்மா நிற்கிறது என்று நினைத்தார். ஆறு. ஏழு.

ரெக்ஸ்லின் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துவிட்டாள்.

“அண்ணாச்சி.”

ஒன்பது. பத்து.

“அண்ணாச்சி, என்ன?”

உள்ளங்காலில் சுண்டினார். ஒன்றுமில்லை. உதட்டோரம் நீலம் கட்டுவது தெரிந்தது. மறுபடி சுண்டினார்.

கால் சுருங்கியது. வயிறு ஒரு தடவை குதித்தது. அப்புறம் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு அழுகை.

“மாதாவே,” என்று ரெக்ஸ்லின் நாற்காலியில் விழுந்தாள்.

சிஸ்டர் அதற்குள் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். குனிந்து குழந்தையின் உதட்டைப் பார்த்தார். நிறம் திரும்பியிருந்தது.

“எத்தனையில சுண்டினீங்க?”

“பத்துல. அப்புறம் பன்னிரண்டுல.”

“மெஷின் எத்தனையில மணி அடிக்கும்?”

சிதம்பரதாணு வாயைத் திறந்தார். இந்த நாலு மாசத்தில் அந்த நிரலை அவர் இருபத்தாறு தடவை கம்பைல் செய்திருக்கிறார்.

“தெரியாது சிஸ்டர். உள்ள படிச்சுப் பாத்ததில்லை.”

“பதினஞ்சு வினாடியில. எழுதினவங்க இருபதுன்னு வச்சிருந்தாங்க. நான்தான் மாத்தினேன்.”

அதைச் சொல்லும்போது சிஸ்டர் நிமிர்ந்து நின்றார்.

“ஏன் மாத்தினீங்க?”

“ஒரு பிள்ளை சொல்லிக் கொடுத்துச்சு.”

எந்தப் பிள்ளை, அது இப்போது எங்கே என்று அவர் கேட்கவில்லை. விரலை மறுபடி வயிற்றில் வைத்தார்.

*

ஒன்றேகால் மணிக்குக் கம்பைல் முடிந்தது. அப்புறம் சோதனைகள். சிதம்பரதாணு திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்துவிட்டதா என்று கேட்கவும் இல்லை.

“இருநூத்திப் பன்னிரண்டும் பாஸ்,” என்றார் சிஸ்டர்.

பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

“வாங்க சார். இன்ஸ்டால் நீங்களே பண்ணுங்க.”

வார்டில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் தலையைத் தூக்கவில்லை.

“எனக்கு இங்க வேலை இருக்கு சிஸ்டர். வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க.”

“யாரை?”

“இந்தம்மாவை.”

“நானா?” என்றாள் ரெக்ஸ்லின். “நான் பத்தாங் கிளாஸோட சரி அண்ணாச்சி.”

“ஒரு பொத்தானை அமுக்கணும். அவ்வளவுதான்.”

“கெட்டுக்கிட்டுப் போயிராதே?”

“நான் கெடுத்ததைவிட நீ கெடுத்துர முடியாது.”

ஆயா மறுபடி சிரித்தாள். இந்தத் தடவை எல்லோருமே சிரித்தார்கள். ரெக்ஸ்லின் தையலைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படியே மெதுவாக நடந்து மூலைக்குப் போனாள்.

“ஆறு கை இருக்கா?” என்று சிஸ்டர் கேட்டார்.

“இருக்கு,” என்று ஆறு குரல் வந்தது. ஐந்து பெண் குரல், ஒரு ஆண் குரல்.

ரெக்ஸ்லின் சிலுவை போட்டுக்கொண்டு, சிஸ்டர் காட்டிய பெரிய பொத்தானை ஒரு விரலால் அமுக்கினாள்.

நாலு நிமிஷம் ஆயிற்று. திரையில் ஆறு பெயர் வந்தது. பெயருக்கு நேரே ஒவ்வொரு எண்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்,” என்றார் சிஸ்டர்.

“இதுக்கா? பத்து நாளா பாக்கேன், மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு அலைஞ்சீங்களே அண்ணாச்சி, இதுக்கா?”

சிதம்பரதாணு எண்ணிக்கொண்டே இருந்தார்.

நர்ஸ் கையை எடுத்தாள். ஆயா எடுத்தாள். தாய்மார்கள் மூவரும் அவரவர் குழந்தையின் நெற்றியைத் தொட்டுவிட்டு எடுத்தார்கள்.

அவர் எடுக்கவில்லை.

“இனி மெஷின் பாத்துக்கும் சார்.”

“பொறுங்க சிஸ்டர். எனக்கு நாப்பத்தி நாலு வருது. நிமிஷத்துக்கு நாப்பத்தி நாலு மூச்சு. அது என்ன காட்டுது?”

ரெக்ஸ்லின் திரையைப் பார்த்தாள். முகம் மாறியது.

“முப்பத்தொண்ணு.”

“அது இப்பதானே எந்திரிச்சிருக்கு,” என்றார் சிஸ்டர். “முழுசா ஒரு நிமிஷம் எண்ணட்டும்.”

“எண்ணட்டும்,” என்றார் சிதம்பரதாணு. அவரும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

ஆயாகூடச் சிரிக்கவில்லை.

“நாப்பத்தி நாலு!”

மகள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்துவிட்ட மாதிரி ரெக்ஸ்லின் கத்தினாள்.

சிதம்பரதாணு குழந்தையின் வயிற்றிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார். கசங்கிப்போன சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“மெஷின் பாஸ்,” என்றார்.