யார் கை வைத்த இன்ஜின்

ஏற்காட்டு மலையடிவாரத்தில் பரீதாவின் பட்டறை. பழைய கார்களுக்கென்றே பெயர் போன இடம். அங்கே தொழில் பழக வந்த பொன்னுரங்கத்துக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மேஸ்திரி பரீதா அவரைவிட இளையவர்.

பொன்னுரங்கம் வந்ததற்குக் காரணம் ஒரு சொல். அவர் லாரி ஓட்டிய காலத்தில், சதாசிவம் என்ற மெக்கானிக் டீக்கடையில் நாலு பேர் முன்னால், "உனக்கு ஸ்டீரிங் பிடிக்கத்தான் வரும், ஸ்பேனர் பிடிக்க வராது" என்று சொல்லிச் சிரித்தான். சிரித்தவன் மறந்திருப்பான். சிரிக்கப்பட்டவர் மறக்கவில்லை.

ஒரு காலையில் லாரன்ஸ் தன் அப்பா காலத்துக் கறுப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஆயில் பிரஷர் மீட்டர்ல முள்ளு படுத்துக்குது. பின்னால நீலமாப் புகை வருதுன்னும் சொல்றாங்க."

"அண்ணே, இதை நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார் பரீதா. அப்படி அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

பொன்னுரங்கம் பானெட்டைத் தூக்கவில்லை. "கடைசியா இன்ஜினைப் பிரிச்சது யாரு சார்?"

"சதாசிவம். புது பிஸ்டன் ரிங்கு, புது பேரிங்கு போட்டாரு. வால்வை அப்புறம் பார்த்துக்கலாம்னு நான்தான் சொன்னேன்."

பொன்னுரங்கத்தின் முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று.

"போட்டானா? போட்டேன்னு சொல்லியிருப்பான்! நீலப் புகைன்னா ரிங்கு வழியா ஆயில் ஏறி எரியுது. முள்ளு படுத்தா பேரிங்கு தேஞ்சிருச்சு. உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான் சார்."

லாரன்ஸுக்குக் காது சிவந்தது. "இப்பவே அவன் பட்டறை வாசல்ல நின்னு நாலு பேர் கேக்கக் கேக்கறேன்."

நாலு பேர் கேட்க. வேறென்ன வேண்டும் பொன்னுரங்கத்துக்கு?

"போலாம் சார், டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார் பரீதா. "அண்ணே, மலையில ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க."

ஓட்டிவிட்டு வந்தார். "நான் சொன்னதேதான் மேஸ்திரி. முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குது."

"புகை எப்ப வந்துச்சு?"

"எப்பவும்தான்."

"பார்த்தீங்களா?"

"ஓட்டுறவன் பின்னால வர்ற புகையை எப்படிப் பாக்கறது? அவன் வேலை எனக்குத் தெரியாதா?"

பரீதா தன் மோட்டார் சைக்கிள் சாவியை அவரிடம் வீசிவிட்டுக் காரில் ஏறினார். "பின்னாலயே வாங்க."

ஏற்றத்தில் கார் முக்கி முக்கி ஏறியது. ரிங்கு போன இன்ஜின் அந்த இடத்தில் புகையைக் கக்கியிருக்க வேண்டும். நூலளவுகூட இல்லை. பொன்னுரங்கம் இன்னும் நெருங்கிப் போய்ப் பார்த்தார். இல்லவே இல்லை.

இறக்கத்தில் பரீதா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நெடுந்தூரம் வந்தார். கொண்டை ஊசி வளைவு தாண்டி மறுபடி மிதித்தபோது, நீலமாக ஒரு கொத்துப் புகை. உடனே அடங்கிவிட்டது. அடுத்த வளைவிலும் அதேதான்.

அதன் பொருள் பொன்னுரங்கத்துக்குத் தெரியும். ரிங்கு கெட்டியாக இருக்கிறது. வால்வின் ரப்பர் சீல்தான் காய்ந்து ஆயிலைக் கசிய விடுகிறது.

பட்டறைக்கு வந்ததும் இன்ஜின் சூடு ஆறுவதற்குள், பரீதா காரின் ஆயில் மீட்டரைக் கழற்றிவிட்டுப் பட்டறை மீட்டரை மாட்டினார். வண்டி சும்மா நின்று ஓடும்போதும் அதன் முள் நிமிர்ந்தே நின்றது. பொய் சொன்னது காரிலிருந்த கிழட்டு மீட்டர்.

லாரன்ஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்ன, சதாசிவத்தைப் பார்க்கக் கிளம்பட்டுமா?"

பரீதா யாரையும் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் வாய் திறக்காமல் இருந்தாலே போதும், லாரன்ஸ் நேரே அந்த வாசலுக்குப் போய்விடுவார்.

"வேணாம் சார்" என்றார் பொன்னுரங்கம். "வால்வு சீலும் மீட்டரும் மாத்தினாப் போதும். இன்ஜின் வேலை..." பானெட்டை இறக்கி மூடினார். "சுத்தமாத்தான் செஞ்சிருக்கான்."

லாரன்ஸ் காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஆட்டோ பிடித்தார்.

பொன்னுரங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். "அப்ப அவன் அன்னைக்கு என்னைச் சொன்னது சரின்னு ஆயிருமா மேஸ்திரி?"

"ஆகாது."

"அவன் மேல தப்பே இல்லையா?"

"இருக்கு அண்ணே" என்றார் பரீதா. "அது இந்த வண்டியில இல்ல."