ஆடித் தள்ளுபடியில் ஒரு சவால்

கடைக்காரர் சொல்கிற எண்ணை அப்படியே நம்பிப் பணத்தை நீட்டுகிற புண்ணியவான்களே, கொஞ்சம் காதைக் கொடுங்கள். இந்த வழக்குக்குத் தீர்ப்பு நீங்கள்தான் சொல்லப் போகிறீர்கள்.

திண்டுக்கல்லில் சிங்கராயர் என்றொரு கம்ப்யூட்டர் கடைக்காரர். ஆடித் தள்ளுபடி வந்ததும், ஒல்லியாக நீண்ட ஓர் இருபத்தொன்பது அங்குல மானிட்டரை வாசலில் வைத்தார். மேலே ஒரு போர்டு: "இதே விலைக்கு, இதைவிடப் பரப்பில் பெரிய திரையைக் கொண்டுவந்து காட்டுங்கள். இதை இலவசமாக எடுத்துச் செல்லுங்கள்!" எவன் காட்டப் போகிறான் என்ற திமிர்தான், வேறென்ன!

தமயந்தி கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள். அவளும் தோழி ஜெயராணியும் ஒரே மானிட்டர் முன்னால் மாறி மாறி உட்கார்ந்து பிழைத்து வந்தார்கள். அதுவும் அந்த வாரம் கண்ணை மூடிவிட்டது. கையில் இருந்த காசுக்குப் புதிதாக ஒன்றுதான் வாங்க முடியும். ஒன்றை வைத்துக்கொண்டு இனி இரண்டு பேர் பிழைக்க முடியாதென்று ஜெயராணி பையைக் கட்டிவிட்டாள். "திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறேன்டி. நீயாவது நல்லாயிரு."

சிங்கராயரின் மானிட்டரில் தமயந்தி ஓர் ஆல்பப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மாலையும் கழுத்துமாக நின்ற ஜோடிக்குத் தலை தெரிந்தால் கால் தெரியவில்லை. எதிர்க்கடைக்குப் போனாள். அங்கே அதே விலையில் இருபத்தேழு அங்குலம். ஜோடி முழுசாகத் தெரிந்தது. அதையே வாங்கிக்கொண்டு, ஜெயராணியையும் இழுத்துக்கொண்டு, நேராகச் சிங்கராயர் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, இது உங்களோடதவிடப் பெருசு. போர்டுல எழுதினபடி குடுங்க."

சிங்கராயர் விழுந்து விழுந்து சிரித்தார். "இருபத்தொன்பது பெருசா, இருபத்தேழு பெருசா? ஒண்ணாங்கிளாஸ் புள்ளையக் கேட்டுட்டு வாம்மா." கடையில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஜெயராணி, "மானம் போகுது, வாடி போயிரலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

தமயந்தி அசையவில்லை. நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளை வாங்கி, இரண்டு திரைகளின் அளவுக்கும் ஆளுக்கொரு தாளாக வெட்டினாள். தன் தாளைக் கீழே விரித்தாள். அவர் தாளை அதன்மேல், அடி விளிம்பு ஒட்ட, நடுவாக வைத்தாள்.

அவர் தாள் இடமும் வலமும் இரண்டிரண்டு விரல் வெளியே நீட்டியது. அவள் தாளோ மேலே மட்டும், முழு அகலத்துக்கும், இரண்டரை விரல் தெரிந்தது. அவள் தாளின் அகலம் அவர் தாளின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் சற்றே கூடுதல்.

"பாருங்க சாமிகளா! என்னோடது ரெண்டு பக்கம் நீட்டுது, அவளோடது ஒரு பக்கந்தான்!" என்று துள்ளினார் சிங்கராயர்.

"துள்ளாதீங்கண்ணே. கத்திரிய மறுபடி குடுங்க" என்றாள் தமயந்தி.

இப்போது சொல்லுங்கள். எண்ணைக் காட்டிய சிங்கராயர் சரியா, எதிர்த்து நின்ற தமயந்தி சரியா? அந்த மானிட்டர் யாருக்கு?

விடை: தமயந்திக்குத்தான். நீட்டிய இரண்டு துண்டுகளையும் வெட்டிப் படுக்கவைத்து, மேலே தெரிந்த இடத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கினாள். நீளத்திலும் எட்டவில்லை, அகலத்திலும் எட்டவில்லை. அவள் தாள் இன்னமும் தெரிந்தது. கடைக்காரர்கள் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை இழுத்த கோட்டின் நீளம். திரையை ஒல்லியாக இழுத்தால் கோடு வளரும், பரப்பு வளராது. சிங்கராயர் மானிட்டரைப் பெட்டியில் போட்டு மேசைமேல் தள்ளினார். "அங்க வைக்காதீங்கண்ணே, ஆட்டோ வரைக்கும் நீங்களே தூக்கிட்டு வாங்க" என்றாள் தமயந்தி. ஜெயராணியின் திருப்பூர்ப் பையை அவள் முன்பே ஆட்டோவில் ஏற்றி வைத்திருந்தாள், வீட்டுக்குத் திரும்ப.