ஏற்காட்டுக்கு மூன்று பார்சல்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடனுக்கு நாற்பத்தாறு.

குரு தமயந்தி, சங்ககிரியில் ஒரு பார்சல் லாரி கம்பெனியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள். சீடன் செங்கோடன் இருபது வருடம் லாரி புரோக்கராக இருந்தவன். கத்திக் கத்தியே வாடகை பேசி, கடைசியில் அந்தத் தொழிலும் கையை விட்டுப் போன பிறகு, "இந்த வித்தைய எனக்கும் கத்துக் குடுங்க மேடம்" என்று அவளிடம் வந்து சேர்ந்தான். இரண்டே வருடத்தில் வேலையைக் கற்றுக்கொண்டான். பொறுமையாக உட்காரத்தான் கற்கவில்லை.

அன்று மதியம் ஒரு மணிக்கு அவள் அறைக்குள் வந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மேடம், சென்னை லோடு ஷீட் இன்னிக்கும் வரலீங்க."

லோடு ஷீட் என்பது எந்த லாரியில் எந்தப் பார்சல் ஏறவேண்டும் என்ற பட்டியல். கம்பெனியின் வெப்சைட்டில் ஊரைத் தட்டினால், டேட்டாபேஸுக்குள் எழுதி வைத்திருக்கும் ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜரை அது கூப்பிடும். ப்ரொசீஜர் அந்த ஊர்ப் பார்சல்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும். இரண்டு நாளாகச் சென்னை என்று தட்டினால் வெப்சைட் முப்பது விநாடி சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. யார்டில் ஒன்பது லாரி நின்றது.

"நீங்க என்ன பார்த்தீங்க?" என்றாள்.

"வெப்சைட் இல்லாம ப்ரொசீஜரை நேரா கையால ஓட்டிப் பார்த்தேனுங்க. ஏழு தடவை. ஏழு தடவையும் சென்னை ரெண்டே செகண்டுல வந்து விழுது. என் பக்கம் சுத்தம். வெப்சைட்டுலதான் கோளாறு."

"முடிவே பண்ணிட்டீங்களாங்ணா?"

"மெயிலே எழுதிட்டேனுங்க."

போனை நீட்டினான். கோளாறுக்குக் காரணமானவன் பெயர் இரண்டு மணிக்குள் தன் கைக்கு வரவேண்டும், அவன் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மெயிலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. ஆல்வின்.

வெப்சைட்டைக் கவனிக்கும் ஆல்வின் நாகர்கோவில்காரன். நேற்றுக் காலையிலேயே அவனுடைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டார்கள். வராந்தா பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவு திறந்துதான் இருந்தது.

"அக்கா, நான் முந்தாநேத்து அந்தப் பட்டனோட கலரத்தான் மாத்துனேன். வேற ஒண்ணையும் தொடல" என்றான் அங்கிருந்தே.

"நீ கலர் மாத்துனே. அன்னியிலிருந்து என் மூஞ்சிதான் வெளுத்துப்போச்சு. பேசாம உக்காரு" என்றான் செங்கோடன்.

தமயந்தி சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"முந்தாநேத்து நீங்க என்ன பண்ணீங்க?"

"நானா? காலைல அப்டேட் போட்டேன். டேட்டாபேஸை ரீஸ்டார்ட் பண்ணேன். வெப்சைட்டுல ஒரு ஊரைத் தட்டிப் பார்த்தேன். வந்துச்சு. டீ குடிக்கப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சென்னை நின்னுச்சு. மறுபடி ரீஸ்டார்ட். தட்டிப் பார்த்தேன், வந்துச்சு. மறுபடியும் சென்னை நின்னுச்சு. இதுவரைக்கும் பதினோரு ரீஸ்டார்ட்டுங்க. எனக்கென்ன வேலை செய்யாத கையா?"

"பன்னெண்டாவது ஒண்ணு பண்ணுங்க. எப்பவும் செய்யறத என் முன்னாடி அப்படியே செய்யுங்க."

"இந்த நேரத்துலயா? கிளையிலிருந்து போன் மேல போன் வருமுங்க."

"இப்ப மட்டும் வராமயா இருக்கு?"

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டேதான் இருந்தது. அதை எடுத்து மேசையில் கவிழ்த்துப் போட்டான். நின்றபடியே கீபோர்டைத் தட்டினான். டேட்டாபேஸ் படுத்து எழுந்தது. வெப்சைட்டைத் திறந்து, ஊர் இருக்கும் கட்டத்தில் ஏற்காடு என்று போட்டான். கண்ணிமைப்பதற்குள் ஷீட் வந்தது. மூன்று பார்சல்.

"பாருங்க. நல்லாத்தான் இருக்குது."

"ஏற்காடு ஏனுங்ணா?"

"சின்ன ஊருங்க. சட்டுனு வரும். ஆறாயிரம் பார்சல் வர்ற வரைக்கும் யாரு காத்துக்கிட்டு நிக்கறது?"

"இப்ப சென்னையக் கேளுங்க."

கேட்டான். சக்கரம் சுற்றியது. விரலால் மேசையைத் தட்டினான். முப்பது விநாடி ஆனது. திரையில் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி வந்தது.

"சொன்னனுங்களே. இந்தப் பய வெப்சைட்டு—"

"இன்னொரு ரீஸ்டார்ட். இந்தத் தடவை முதல்ல சென்னை."

"எல்லாம் ஒண்ணுதானுங்களே மேடம்."

அவள் கீபோர்டை அவன் பக்கம் தள்ளினாள். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேரம் ஒன்றே கால். விசைகளை உடைப்பதுபோல் அடித்தான். டேட்டாபேஸ் எழுந்ததும் சென்னை என்று போட்டான்.

இரண்டு விநாடியில் ஷீட் வந்து நின்றது. ஆறாயிரத்து நாற்பது பார்சல்.

செங்கோடன் திரையைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தான். திரும்பவும் சென்னையைக் கேட்டான். வந்தது. ஏற்காட்டைக் கேட்டான். அதுவும் வந்தது. யார்டில் எவனோ விசிலடிக்கும் சத்தம் கேட்டது. அங்கேயும் ஷீட் கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

அவன் மெல்ல உட்கார்ந்தான்.

"எப்படிங்க மேடம்?"

"டேட்டாபேஸ் எந்திரிச்சதும் முதல்ல எந்த ஊரைக் கேக்கறாங்களோ, அந்த ஊருக்குத் தோதா ப்ரொசீஜர் ஒரு வழி போட்டுக்கும். அப்புறம் யார் கேட்டாலும் அதே வழிதான். மூணு பார்சல்னா ஒண்ணொண்ணாப் போய் எடுத்தாலே சுருக்கா முடிஞ்சிரும். ஆறாயிரத்தையும் ஒண்ணொண்ணாப் போய் எடுத்தா?"

"கையால ஓட்டினா மட்டும் சரியா வந்துச்சே?"

"கையால ஓட்டறவங்களுக்குன்னு தனியா ஒரு வழி வெச்சிருக்கும். நீங்க கையால கேட்டது எந்த ஊரு?"

"சென்னைதானுங்க. ஏழு தடவையும்."

"வெப்சைட்டுல?"

செங்கோடன் திரையில் இருந்த ஏற்காட்டு ஷீட்டைப் பார்த்தான். வராந்தாவில் பெஞ்சு கிரீச்சிட்டது.

"அப்போ பதினோரு தடவை ரிப்பேர் பண்றேன்னு பதினோரு தடவையும் நானேதான்..." என்றான்.

அவள் ப்ரொசீஜரைத் திறந்து கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். இனி ஒவ்வொரு ஊருக்கும் அதற்கேற்ற வழியைப் புதிதாகப் பார்க்கச் சொல்லும் வரி. சேமித்துவிட்டு எழுந்து, காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன் இருந்த இடத்திலேயே இருந்தான். மணி ஒன்று ஐம்பது. போனைக் கையில் எடுத்து வைத்திருந்தான். மெயிலில் ஆல்வின் என்ற பெயர் அழிந்திருந்தது. அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்ணா."

"பேரே போடாம அனுப்பிடலாமுங்க. கோளாறு சரியாயிடுச்சு, லாரி கிளம்பிருச்சுன்னு ரெண்டு வரி. முதலாளிக்கு வேண்டியது லாரி. அவரு மறந்துருவாரு."

"பேரு கேட்டாருல்ல?"

"கேட்டாருங்க. கேட்டா, மிஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாம். பொய்யுமில்ல. எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம். இந்த வயசுல மறுபடி போய் லாரி ஸ்டாண்டுல நிக்க முடியாதுங்க."

அவள் தண்ணீர் குடித்தாள்.

"அந்தப் பையனையும் நானே நாளைக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சுடறேன். பழையபடி ஆயிரும். ரீஸ்டார்ட் பண்ண மாதிரி. அது எல்லாத்தையும் மறந்துட்டுப் புதுசா எந்திரிக்கலீங்களா?"

தமயந்தி கதவு வழியே வராந்தாவைப் பார்த்தாள். ஆல்வின் பையின் ஜிப்பை இழுத்து மூடி, திறந்து, மறுபடி மூடிக்கொண்டிருந்தான்.

"அது டேட்டாபேஸுங்ணா" என்றாள். "அவன் அங்க ரெண்டு நாளா உக்காந்திருக்கான்."

செங்கோடன் அதற்கு மேல் பேரம் பேசவில்லை. போனைத் தொடையில் வைத்துக்கொண்டு, வெறுமையாக இருந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். சொந்தப் பெயர், ஐந்தே எழுத்துதான். அடித்து முடிக்க வெகுநேரம் ஆனது.