மகாராஜாவைச் சுற்றி ஒரு கரிக்கோடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர், என்ன பேர் என்றெல்லாம் கேட்காதீர்கள். அப்புறம் கதை நகராது. அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று, சுடச்சுட நெய்யப்பம். இன்னொன்று, வாய்விட்டுச் சிரிப்பது. சிரிப்பு வந்துவிட்டால் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். ஒருநாள் அரண்மனை விகடன் ஆவுடையப்பன் அடித்த கூத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், "யாரங்கே! இவனுக்கு ஒரு வீடு கொடுங்கள்!" என்று கத்திவிட்டார்.

ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வாடகை வீடு மாறியவன் அவன். ஒவ்வொரு தடவையும் அம்மிக்கல்லை அவன் சுமப்பான், குழவியை அவன் மனைவி உலகம்மாள் சுமப்பாள். வழி நெடுகத் திட்டு விழும். இனி அந்த அம்மியைச் சொந்த வீட்டில் பதித்துவிடலாம் என்று கேட்டதும் அவள் தெருவென்றும் பார்க்காமல் ஒரு சுற்றுச் சுற்றி ஆடிவிட்டாள்.

பிரதானி கேசவராயருக்குத்தான் வயிறு எரிந்தது. "மகாராஜாவுக்காக என் உயிரையும் கொடுப்பேன்!" என்று தினமும் சபையில் நெஞ்சில் கைவைத்துச் சொல்பவர் அவர். அதற்கு இதுவரை ஒரு மாட்டுக்கொட்டில்கூடக் கிடைத்ததில்லை. வந்த கோமாளிக்கு வீடா? பொறுக்குமா மனுஷனுக்கு?

அவர் தேடிப்பிடித்தது சந்தன வியாபாரி சேந்தனுடைய வீட்டை. ஊரெல்லாம் கடன் வாங்கிவிட்டுக் கம்பி நீட்டியவன் சேந்தன். ஆளில்லாத வீடு என்று அரண்மனை அதை எடுத்துக்கொண்டு ஏழு நாள்தான் ஆகியிருந்தது. தானப் பத்திரத்தைப் பிரதானியே எழுதினார். ஒரு சந்துபொந்தும் விடக்கூடாது என்று யோசித்து யோசித்து, கடைசி வரியில் இப்படிச் சேர்த்தார்: "சேந்தன் பட்ட கடனுக்கு, அவனுக்குப் பின் இவ்வீட்டுக்கு உடையவராய் இருந்தவர் எவரோ, இருப்பவர் எவரோ, அவரே பொறுப்பு." ராஜா வாய் நிறைய அப்பத்தோடு, படிக்காமலே முத்திரை குத்தினார். ஆவுடையப்பனும் சந்தோஷத்தில் படிக்கவில்லை. அது அவன் தப்புதான், நான் மறைக்கமாட்டேன்.

மறுநாள் விடிந்ததும் உலகம்மாள் மாவுக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். முதல் புள்ளி வைக்கக் குனிந்தாளோ இல்லையோ, "ஏ சேந்தா! வெளிய வாடா!" என்று ஒரு சத்தம். தண்டல்காரன் மாயழகு, கன்னம் வரை மீசையோடு நின்றான். கூட இரண்டு பேர். ஒருவன் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். இன்னொருவன் நெற்குதிருக்குள் தலையை விட்டு, "சேந்தா, நீ உள்ள இருக்கிறது தெரியும்!" என்று காலிக் குதிருக்கு மிரட்டல் விட்டான்.

"இங்க சேந்தனும் இல்ல, பூந்தனும் இல்ல! நாங்க நேத்துத்தான் குடிவந்தோம்" என்றான் ஆவுடையப்பன்.

"எல்லாக் கடன்காரனும் இதத்தான் சொல்லுவான். போன வாரம் ஒருத்தன் தனக்குத் தானே பெரியப்பான்னு சொன்னான்."

"அண்ணே, இந்த மூஞ்சியப் பாருங்க" என்றாள் உலகம்மாள். "இதுல சந்தனம் விக்கிற களை இருக்கா?"

மாயழகு உற்றுப் பார்த்தான். "இல்லதான் தாயி. ஆனா வீட்டுக்காரர்தான் பொறுப்புன்னு பத்திரத்துலயே இருக்குன்னு பிரதானி சொன்னாரே" என்றவன், மடியிலிருந்து கரித்துண்டை எடுத்து ஆவுடையப்பனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டான்.

அந்த நாட்டில் கடன் வசூலிப்பது அப்படித்தான். தண்டல்காரன் வட்டம் போட்டுவிட்டால் கடனைத் தீர்க்காமல் கோட்டைத் தாண்டக்கூடாது. தண்ணீர் தவிர வேறு ஆகாரம் எதுவும் உள்ளே போகக்கூடாது. பொழுது சாய்வதற்குள் தீராவிட்டால் சொத்து ஏலம். வேறு யாராவது பிணையாக வந்து நின்றால் மட்டும் உள்ளே இருப்பவர் வெளியே வரலாம். ராஜாவின் பாட்டனார் கல்லில் வெட்டிவைத்த சட்டம் இது. "அரசனே ஆயினும்" என்றுதான் அது தொடங்கும்.

சேந்தனின் கடனோ முந்நூறு பொன். அதற்கு விகடன் எங்கே போவான்? உலகம்மாள் யோசிக்கவே இல்லை. மாவுக் கிண்ணத்தோடு வட்டத்துக்குள் கால் வைத்தாள். "நான் பிணை நிக்கிறேன். நீங்க போய் ஏதாச்சும் வழி பாருங்க. வீடு போச்சு, இந்தத் தடவ அம்மியையும் நீங்கதான் தூக்கணும், குழவியையும் நீங்கதான் தூக்கணும்!" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆவுடையப்பன் உள்ளே ஓடிப்போய்ப் பத்திரத்தை எடுத்துவந்தான்.

அப்போதுதான் அதை முழுதாகப் படித்தான். கடைசி வரியில் வந்து நின்றான். மறுபடி படித்தான். பிறகு ஒரு துள்ளுத் துள்ளினான்.

"மாயழகண்ணே, இந்த வீட்டோட பழைய சொந்தக்காரர் கிடைச்சாப் போதுமா?"

"போதுமாவா? அவரத்தானே தேடி அலையுறோம்!"

"அப்ப வாங்க. கரித்துண்ட மறக்காம எடுத்துக்கோங்க."

சபையில் அப்பத் தட்டு அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ராஜா ஆசையாக எழுந்து நான்கு அடி எடுத்துவைத்தார். ஆவுடையப்பன் மாயழகோடு குறுக்கே போய் வணங்கினான்.

"மகாராஜா! அடியேன் பெற்ற வீட்டுக்கு எனக்கு முன் உடையவர் எவர் என்று இவர் அறிய விரும்புகிறார்."

"இதில் என்ன ஐயம்? நானே! ஏழு நாள் எனக்கு உடைமையாய் இருந்த வீடு அது!" என்றார் ராஜா பெருமையாக.

மாயழகு எச்சிலை விழுங்கினான். ஆனால் தொழில் தொழில்தானே? "மன்னிக்கணும் மகாராஜா" என்று சொல்லிவிட்டுக் குனிந்தான். விறுவிறுவென்று ஒரு வட்டம் விழுந்தது.

வீரர்கள் வாளை உருவினார்கள். ராஜா பத்திரத்தை வாங்கிப் படித்தார். முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. "நில்லுங்கள்! பாட்டனாரின் சட்டம். கஜானாவிலிருந்து கடனைக் கொடுங்கள்!"

"கஜானாவைத் திறக்கத் தங்கள் முத்திரை வேண்டும், மகாராஜா. வட்டத்தில் நிற்பவர் முத்திரை இடலாகாது என்பதும் அந்தக் கல்லில் இருக்கிறது" என்றான் ஆவுடையப்பன்.

"பாட்டனார் வேறு வேலையே பார்க்கவில்லையா? சரி, அந்த அப்பத்தையாவது இப்படிக் கொடுங்கள்!"

"தண்ணீர் தரலாம், மகாராஜா."

ராஜா அப்பத்தைப் பார்த்தார். அப்பத்திலிருந்து ஆவி போய்க்கொண்டே இருந்தது. "விகடா! ஏதாவது செய்! ஆறுகிறதடா!"

"ஒரு வழி உண்டு. யாராவது பிணை நிற்க வேண்டும். அதற்கென்ன பஞ்சம்? தங்களுக்காக உயிரையே கொடுப்பதாகத் தினமும் சொல்பவர், அதோ அந்தத் தூணுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார். உயிரெல்லாம் வேண்டாம், இரண்டு அடி எடுத்துவைத்தால் போதும்."

சபை மொத்தமும் தூணைப் பார்த்தது. கேசவராயர் பாதி ஒளிந்தபடி பிடிபட்டார்.

"அடியேனுக்கு... முழங்கால் வலி..." என்று இழுத்தார்.

ராஜா திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பிரதானி வட்டத்துக்குள் வந்தார். அவர் ஒரு காலை வைப்பதற்குள் ராஜா கன்றுக்குட்டி மாதிரி வெளியே குதித்து, அப்பத்தை எடுத்துக் கடித்தார். சூடு இருந்தது! அப்புறம் பிடித்த சிரிப்புதான். சிங்காசனத்தில் உட்காரக்கூட முடியாமல் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

பிரதானி பொன் கேட்டு வீட்டுக்கு ஆள் அனுப்பினார். "எதுக்குன்னு முதல்ல சொல்லச் சொல்லு" என்று அவர் மனைவி திருப்பி அனுப்பினார். மூன்று நடைக்குப் பிறகுதான் பொன் வந்தது. கடன் தீர்ந்தது. "இனிக் கடன் பட்டவனே கடனாளி! வீடு என்ன பாவம் செய்தது?" என்று ராஜா புதுச் சட்டம் போட்டார். ஆவுடையப்பனுக்குப் புதுப் பத்திரம், ஒரே ஒரு வரியில். கூடவே, அங்கே பட்டினியாக நிற்பவளுக்கு ஒரு தட்டு அப்பம். அதைத் தானே கொண்டுபோவேன் என்று ராஜா பிடிவாதம் பிடித்தார்.

பொழுது சாயும் முன்பே வந்து சேர்ந்தார்கள். மாயழகு வட்டத்தை அழிக்க முன்னால் ஓடினான். வட்டத்தைக் காணோம். வாசலில் கை எட்டிய மட்டும் பெரிய தாமரைக் கோலம், நடுவில் உலகம்மாள்.

"கோடு எங்க தாயி?"

"சும்மா எவ்வளவு நேரந்தான் நிக்கிறது? அதையும் சேத்து இழுத்துட்டேன்."

ராஜா கோலத்தின் ஓரத்தில் தூக்கிய காலோடு நின்றுவிட்டார். "அம்மா, இதற்குள் வந்தால் வெளியே விடுவார்களா?"

"நல்லா வாங்க மகாராஜா, இது எங்க வீட்டு வாசல். ஆனா மொதல்ல அந்தத் தட்ட இங்க நீட்டுங்க, பசி உசிரு போகுது!"

ராஜாவுக்கு மறுபடி சிரிப்புப் பொங்கிவிட்டது. ஆவுடையப்பன் பதறி ஓடிவந்து காலில் விழுந்தான். "போதும் மகாராஜா, சிரிக்காதீர்கள்! இன்னொரு வீடு கொடுத்துவிடப் போகிறீர்கள்!"

அன்று சாயங்காலமே அம்மியைப் பதித்தார்கள். அப்புறம் அது ஒருநாளும் இடம் மாறவில்லை.